வயிற்றுப்புண்ணும் அறுவை மருத்துவமும்

எம் பாட்டனார் ஆர்.கே.பேட்டையில் கைத்தறி நெய்து வாழ்ந்தவர். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அது. வேனிற்காலத்தில் அவர் மேலாடையின்றித் தறிக்குழியில் அமர்ந்திருக்குங்கால், மார்பெலும்பின் கீழ்முனையினின்று கொப்பூழ் வரையில் நேர்கோடாக இறங்கும் வெண்தழும்பு ஒன்றைச் சிறுபருவம் முதலே யான் கண்டிருக்கிறேன். 1974 ஆம் ஆண்டு, அவர் இருபத்தேழு வயதினராய் இருந்தபோது, மருத்துவமனை ஒன்றில் வயிற்றுப்புண்ணுக்காகச் செய்யப்பெற்ற அறுவையின் அடையாளம் அது.

சென்ற ஆண்டு எங்கள் அண்டை வீட்டார் ஒருவருக்கு அதே நோய் கண்டது. பசித்த வயிற்றில் எரிவு, நள்ளிரவில் வலி, உணவு கொண்டதும் சிறிது தணிவு ஆகிய அறிகுறிகள் அனைத்தும் பாட்டனார் தம் இளமையில் பட்டவையே. குழாய் விட்டுப் பார்த்தனர், பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தனர், நோய் நீங்கிற்று. இதனைக் கேட்ட பாட்டனார் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்னர் என்னை நோக்கி, "ஏன் கண்ணு, பதினாலு நாள் மாத்திரையிலே போற நோவுக்கா என் வயித்தை அறுத்தாங்க? அப்போ எனக்குச் செஞ்சது வீண்தானா?" என்று வினவினார்.

அவ்வினாவிற்கு அன்று விடை கூற என்னால் இயலவில்லை. தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு மருத்துவ நூல் புதிது. ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. விடை தேடிக் கற்றவற்றை முறைப்படுத்தி ஈண்டு எழுதுகின்றேன்.

நோயின் பெயரும் இயல்பும்

நம் முன்னோர் வயிற்று நோய்களைச் சூலை என்றும் குன்மம் என்றும் வழங்கினர். திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்திய வரலாற்றை யாவரும் அறிவர். குன்மம் எண்வகைப்படும் என்பது சித்த மருத்துவ நூல்களின் கொள்கை. இச்சொற்கள் இரைப்பைப் புண் ஒன்றனையே சுட்டுவன அல்ல. வயிற்றில் எழும் பலவகை நோவுகளுக்கும் பொதுப்பெயராய் நின்றவை. இக்காலத்தில் அவ்விடத்தை 'அல்சர்' என்னும் சொல் பற்றிக்கொண்டது. வயிறு சற்றே எரிந்தாலும் அல்சர் என்று கூறிவிடுகின்றோம். உண்மையில், எரிவுடையார் அனைவரும் புண்ணுடையார் அல்லர்.

புண் என்பது யாது? இரைப்பை நாள்தோறும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையில் செரிமான நீரைச் சுரக்கின்றது. அந்நீரில் கடுமையான ஐதரோகுளோரிக் அமிலமும், புலாலையும் பருப்பையும் கரைக்க வல்ல பெப்சின் என்னும் பொருளும் உள. பிற உயிர்களின் தசையைக் கரைக்கும் இந்நீர், தன்னைத் தாங்கியுள்ள பையினைக் கரையாதிருப்பதற்குக் காரணம், அப்பையின் உட்புறம் முழுதும் படர்ந்துள்ள கோழைப் படலமே. அப்படலம் எங்கேனும் வலுக்குன்றினால், அமிலம் ஆங்கே உட்சுவரை அரித்துக் குழியாக்கும். அக்குழியே புண். அஃது இரைப்பையிலும் தோன்றும். இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலிலும் தோன்றும். நம் தென்னாட்டில் பெரும்பாலும் காணப்பட்டது முன்சிறுகுடற் புண்ணே.

புண் வலியோடு நின்றுவிடுமாயின் பெரும் அச்சமில்லை. ஆனால், அதனால் விளையும் பேரிடர்கள் மூன்று. புண்ணின் அடியில் ஓடும் இரத்தக்குழாய் அரிபட்டுக் குருதி பெருகுதல் ஒன்று. அப்போது நோயாளி குருதியாக வாந்தியெடுப்பான், அல்லது அவன் மலம் தார்போலக் கறுக்கும். புண் சுவரைத் துளைத்து, இரைப்பையில் உள்ளவை வயிற்றறைக்குள் கொட்டுதல் மற்றொன்று. அப்போது கத்தி பாய்ந்தாற்போல வலி தோன்றி, வயிறு பலகைபோல் விறைத்துவிடும். புண் ஆறியும் ஆறாமலும் பன்முறை தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாயிலைச் சுருக்கி அடைத்தல் மூன்றாவது. இவ்வடைப்புற்றவன் இன்று மாலையில், நேற்று உண்ட சோற்றை வாந்தியெடுப்பான். உண்டும் பட்டினியால் மெலிவான். எம் பாட்டனார்க்கு நேர்ந்தது இம்மூன்றாவது இடர்.

அறுவை தோன்றிய வரலாறு

மயக்க மருந்தும், கிருமி நீக்கும் முறையும் வழக்கிற்கு வந்த பின்னரே வயிற்றைத் திறக்கும் துணிவு மருத்துவர்க்கு உண்டாயிற்று. 1881 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வியன்னா நகரத்துத் தியோடர் பில்ராத் என்பார், புற்றுநோய் கொண்ட ஒரு பெண்மணியின் இரைப்பைக் கீழ்ப்பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சிய பகுதியை முன்சிறுகுடலோடு தைத்து இணைத்தார். அவ்வம்மை அறுவையைத் தாங்கிப் பிழைத்தாள். ஆயினும் நோய் முன்னரே பரவியிருந்தமையால் நான்கு திங்கள் அளவில் இறந்தாள். அதே ஆண்டில் அவர்தம் துணைவரான வோல்ப்ளர், இரைப்பையை அறுத்தெடாமல் நடுச்சிறுகுடலோடு புதிதாக இணைக்கும் முறையைக் கண்டார். புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை முதன்முதல் நீக்கியவர் போலந்து நாட்டு ரிடிகியர். அதுவும் 1881 ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. பின்வந்த நூறாண்டுகளின் அறுவை முறைகளுக்கெல்லாம் வித்து அவ்வோராண்டில் இடப்பட்டது எனலாம்.

மூன்று வழிகள்

1910 ஆம் ஆண்டில் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்பார், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்னும் கருத்தை வெளியிட்டார். பிற்கால அறுவையாளர் அனைவர்க்கும் இதுவே அடிப்படையாயிற்று. அவர்கள் கண்ட வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வழி, மாற்றுவாய் அமைத்தல். ஏரியின் மதகு தூர்ந்துபோனால், வேறோரிடத்தில் கரையை வெட்டி நீரைக் கால்வாயில் விடுவதில்லையா? அதுபோல, அடைபட்ட கீழ்வாயிலை அவ்வாறே விட்டுவிட்டு, இரைப்பையின் தாழ்ந்த பகுதியில் ஒரு துளை செய்து, நடுச்சிறுகுடலை அங்குக் கொணர்ந்து தைப்பர். உணவு புதுவழியே இறங்கும். அடைப்பின் துயர் நீங்கும். செய்வதற்கு எளிது, நோயாளி தாங்குவதும் எளிது. ஆனால் அமிலச் சுரப்புக் குறையாமையால், அமிலத்தைத் தாங்கிப் பழகாத நடுச்சிறுகுடலில், தைத்த வாயின் ஓரத்திலேயே புதுப்புண் தோன்றுவதுண்டு. சில மருத்துவமனைக் கணக்குகளில் மூவரில் ஒருவர்க்கு இவ்வாறு நேர்ந்தது.

இரண்டாவது வழி, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்குதல். அமிலம் சுரக்கும் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கினை வெட்டியெடுத்தால் அமிலம் தானே குறையும் என்பது கருத்து. புண் மீண்டும் வருதல் இதனால் மிகக் குறைந்தது. ஆனால் அறுவை பெரிது. தேர்ந்த கைகளிலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறந்தனர். வாழ்ந்தோர்க்கும் சிறிய இரைப்பையோடு வாழும் தொல்லை எஞ்சிற்று.

மூன்றாவது வழி, நரம்பை அறுத்தல். மூளையினின்று இறங்கி வந்து, அமிலம் சுரக்குமாறு இரைப்பையை ஏவும் வேகஸ் என்னும் நரம்பினைத் துண்டித்தால், இரைப்பையை வெட்டாமலே அமிலத்தைக் குறைக்கலாம் அன்றோ? 1943 ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து லெஸ்டர் டிராக்ஸ்டெட் இதனைச் செய்து காட்டினார். ஆனால் அந்நரம்பே இரைப்பையை அசைத்து உணவைக் கீழே தள்ளுவதும் ஆகும். அதனை அறுத்தவுடன் இரைப்பை சோர்ந்து, உணவு தேங்கலாயிற்று. ஆகவே நரம்பறுத்தலோடு மாற்றுவாய் அமைத்தலையும் சேர்த்துச் செய்தனர். தென்னாட்டு மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் பெரிதும் கையாளப்பட்டது இவ்விணைப்பு முறையே. எம் பாட்டனார்க்குச் செய்யப்பெற்றதும் அதுவே. 1970 ஆம் ஆண்டினையொட்டி, அமிலம் சுரக்கும் பகுதிக்குச் செல்லும் நரம்பிழைகளை மட்டும் தேர்ந்து அறுத்து, அசைவிற்குரியவற்றை விட்டுவிடும் நுண்முறையும் தோன்றிற்று. அதில் உயிரிழப்பு ஆயிரத்திற்கு மூவர் என்னும் அளவிற்குக் குறைந்தது. ஆனால் புண் மீளுதல் நூற்றுக்குப் பத்தும் அதற்கு மேலுமாய் இருந்தது.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலப்படும். புண்ணை முற்றும் தடுக்கும் அறுவை உடலை மிகுதியாக வருத்திற்று. உடலை வருத்தாத அறுவை புண்ணை முற்றும் தடுக்கவில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியதாயிற்று.

நெய்யூரில் நடந்தது

இவ்வறுவை நம் நாட்டு ஏழைமக்களுக்கு எவ்வாறு எட்டிற்று என்பதை அறிய நெய்யூருக்குச் செல்லவேண்டும். அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய ஊர் அது. அங்கு இலண்டன் மிஷனாரின் மருத்துவப் பணி 1838 ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

ஹோவார்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் மலையேற்றத்திலும் பேர்பெற்றவர். 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுவில் அவர் இருந்தார். அம்முயற்சியில் பனிச்சரிவில் சிக்கிச் சுமைதூக்குவோர் எழுவர் மாண்டனர். உச்சி எட்டாமலே குழு திரும்பிற்று. பின்னர் அவர் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூருக்கு வந்தார். ஒரே ஓர் அறுவை மருத்துவர் தன்னந்தனியராய்ப் பணிபுரிய, அவர்முன் நோயாளிகள் நீண்ட வரிசையாய்க் காத்துக் கிடக்கும் காட்சியை ஆங்குக் கண்டார். உடனே கைகொடுத்து உதவினார். இலண்டன் மாநகரில் தமக்குக் காத்திருந்த புகழையும் பொருளையும் துறந்து நெய்யூருக்கே தம்மை அளிக்கத் துணிந்தார். 1924 ஆம் ஆண்டில் மீண்டும் எவரெஸ்ட் ஏறி, ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்து மூச்சுத் திணறித் திரும்பினார். அதன்பின் அவர் வாழ்நாளின் சிறந்த பகுதி நெய்யூர் அறுவைக் கூடத்திற்கே உரியதாயிற்று.

அவரிடம் வந்த நோயாளிகளுள் முன்சிறுகுடற் புண்ணுடையார் மிகப் பலர். மேல்நாட்டில் புண் பெரிதும் துளைத்தலாலும் குருதிப் பெருக்காலும் அச்சுறுத்த, இங்கோ பல்லாண்டு தழும்பேறி வாயில் அடைபட்டு, எலும்பும் தோலுமாய் வந்தவர்களே மிக்கிருந்தனர். வலி தொடங்கியவுடன் மருத்துவரை நாடும் வசதி ஏழைக்கு ஏது? அடைப்பே தலையாய துன்பமாயிருந்தமையால், மாற்றுவாய் அமைக்கும் அறுவை அவர்களுக்குப் பேருதவி புரிந்தது. சாமர்வெல் அதனோடு நின்றாரல்லர். புதுவாயருகே புண் வருவதைத் தடுக்க, இரைப்பையின் அமிலப் பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்களைக் கட்டிவிடும் முறை ஒன்றைச் செய்து பார்த்து 1945 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். 1948 ஆம் ஆண்டில் இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் அறுவை பற்றித் தனி நூலே இயற்றினார். 1949 முதல் 1961 வரையில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். எங்கள் பக்கத்தார் சோளிங்கர் வழியாய் நோயாளிகளை அழைத்துச் செல்லும் வேலூர் அதுவே.

இப்புண் இந்நாட்டில் இத்துணை மிகுவானேன் என்னும் வினாவும் அக்காலத்தாரை வருத்திற்று. குன்னூரில் இராபர்ட் மக்கரிசன் என்பார், ஒவ்வொரு நாட்டு மக்களின் உணவையும் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். மரவள்ளிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழையரின் உணவை உண்ட எலிகள் பலவற்றிற்கு வயிற்றில் புண் கண்டது. கோதுமையும் பாலும் கொண்ட வடநாட்டு உணவை உண்டவற்றிற்கு அது காணவில்லை. பிற்காலத்தில் மைசூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராயிருந்த பிராங்க் டோவே, அரிசி உணவே மிக்க தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் புண் மிகுதி என்றும், கோதுமையும் கேழ்வரகு முதலிய சிறுதானியங்களும் உண்ணும் இடங்களில் குறைவு என்றும் எழுதினார். கேழ்வரகுக் களி உண்ட தலைமுறை எங்கள் ஊரிலும் உண்டு. ஆயினும் களி உண்டவர்க்கும் புண் வந்தது. எம் பாட்டனாரே அதற்குச் சான்று. உணவு துணைக்காரணம் ஆகலாம். முதற்காரணம் இன்னும் மறைந்தே இருந்தது.

அறுவையின் பயன்

ஓர் அறுவை வெற்றியா தோல்வியா என்பதை நோயாளி உயிரோடு வீடு திரும்பியது கொண்டு மட்டும் துணிதல் கூடாது. பத்தாண்டு கழித்து அவன் எவ்வாறு உண்கிறான், உறங்குகிறான், உழைக்கிறான் என்று வினவவேண்டும். இங்கிலாந்தில் யார்க் நகரத்து விசிக் என்னும் அறுவை மருத்துவர் 1948 ஆம் ஆண்டில் இதற்கென நான்கு படிகளை வகுத்தார். ஒரு குறையும் இல்லாதவர் முதற்படி. சிறு குறைகள் இருப்பினும் உணவைச் சற்றே திருத்தி இனிது வாழ்பவர் இரண்டாம் படி. குறைகள் தொல்லை தருமாறு உள்ளவர் மூன்றாம் படி. அறுவையால் பயனடையாதவர் நான்காம் படி. இவ்வளவுகோல் உலகெங்கும் வழக்கிற்கு வந்தது. பெரும்பாலார் முதலிரு படிகளில் நின்றனர் என்பது அறுவையாளர்க்குப் பெருமை. பின்னிரு படிகளில் நின்றோர் சிலரே ஆயினும், அவர்கள் பட்ட துயர் சிறிதன்று.

அத்துயர்களுள் தலையாயது, உணவு விரைந்து இறங்குதல். இயல்பான இரைப்பை, வாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்து உணவை அளவாய் விடும். மாற்றுவாய்க்கு அக்காவல் இல்லை. இனிப்பும் நீர்ப்பொருளும் ஒருசேரக் குடலிற் கொட்ட, குடல் உடம்பினின்று நீரை ஈர்க்கும். உண்ட அரைமணிக்குள் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று, வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றும். இதனை டம்பிங் என்பர். கிறித்துமசுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் பாட்டனார் ஒரு விரல் தொட்டுச் சுவைத்து எழுந்துவிடுவதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று. சிறிது சிறிதாய்ப் பன்முறை உண்ணல், உணவோடு நீர் பருகாமை, இனிப்பைத் தவிர்த்தல் ஆகியவற்றால் பெரும்பாலார்க்கு இது தணியும்.

இரண்டாவது, குருதிக்குறை. உணவிலுள்ள இரும்புச்சத்து முன்சிறுகுடலிலேயே மிகுதியும் உறிஞ்சப்படுகின்றது. உணவு அவ்வழி செல்லாதபோது இரும்பு குறையும். இரைப்பையைப் பெரிதும் நீக்கியவர்க்குப் பி 12 என்னும் ஊட்டப்பொருளும் காலப்போக்கிற் குறைந்து, சோகையும் கால் மரத்தலும் உண்டாகும். மூன்றாவது, உடல் மெலிதல். நான்காவது, இரைப்பையின் பகுதியை இழந்தவர்க்குப் பதினைந்து இருபது ஆண்டுகளின் பின், எஞ்சிய பகுதியிற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்புச் சற்று மிகுதல். எனவே, பண்டு இவ்வறுவை செய்துகொண்ட முதியோர் இன்றும் நம் வீடுகளில் உளராயின், அவர்களின் களைப்பை முதுமை என்று தள்ளிவிடாது, குருதியைச் சோதிப்பித்தல் நம் கடன். பாட்டனாருக்கு இவ்வாண்டு சோதித்தபோது இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தது. மருந்து கொண்டபின் மாடிப்படி ஏறுகின்றார். இக்கட்டுரைக்காகக் கற்றதன் முதற்பயன் அது.

முதற்காரணம் கண்டமை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்தறிய வேண்டுமென வற்புறுத்துகின்றார். இப்புண்ணிற்கு அக்காரணம் ஆஸ்திரேலியா நாட்டுப் பெர்த் நகரில் வெளிப்பட்டது. இராபின் வாரன் என்னும் நோய்க்கூற்று ஆய்வாளர், இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவான கிருமிகளை 1979 ஆம் ஆண்டு முதல் கண்டுவந்தார். கடும் அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அந்நாள் வரையில் உலகம் நம்பியது. பாரி மார்ஷல் என்னும் இளமருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்க முயன்ற முயற்சிகள் பல பயன்படவில்லை. 1982 ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாள் விடுமுறையில், வளர்ப்புத் தட்டுகள் வழக்கமான இரண்டு நாளுக்கு மாறாக ஐந்து நாள் அவ்வாறே விடப்பட்டன. திரும்பி வந்து நோக்கியபோது கிருமி வளர்ந்திருந்தது. இதுகாறும் அவசரத்தால் இழந்ததைத் தாமதம் ஈந்தது!

பிறர் நம்பாமை கண்டு, 1984 ஆம் ஆண்டில் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகினார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அவர் இரைப்பை அழன்றிருந்தது சோதனையிற் புலனாயிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரை எனப் பெயர்பெற்ற அக்கிருமி, தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தை மாற்றிக்கொண்டு கோழைப் படலத்தின் கீழ் ஒளிந்து வாழ்கின்றது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005 ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கு முன்னரே மருந்துத் துறையில் ஒரு மாற்றம் நேர்ந்திருந்தது. ஜேம்சு பிளாக்கு என்பார் வழிகாட்ட, அமிலச் சுரப்பைத் தடுக்கும் சிமெட்டிடின் 1976 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது; பின்னர் அதனினும் வலிய ஒமிப்ரசோல் வந்தது. இவை புண்ணை ஆற்றின. ஆனால் மருந்தை நிறுத்தினால் ஓராண்டிற்குள் பாதிக்கு மேற்பட்டோர்க்குப் புண் மீண்டது. கிருமியையும் ஒழித்த பின்னரே மீளுதல் அரிதாயிற்று. அமிலத்தடுப்பு மருந்தோடு கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்துப் பதினான்கு நாள் கொடுப்பதே அண்டை வீட்டார் பெற்ற மருத்துவம்.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். நம் நாட்டில் இக்கிருமியை வயிற்றிற் சுமப்போர் மிகப் பலர். அவர்களுட் சிலர்க்கே புண் வருகின்றது. ஆகவே உணவும் புகையும் பிறவும் ஆற்றும் பங்கு இன்னும் ஆராய்தற்குரியதே.

அறுவை இன்று வேண்டாததா?

வலிக்காக அறுக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒழிந்தது. இடருக்காக அறுத்தல் ஒழியவில்லை. புண் துளைத்துவிட்டால் மாத்திரையால் ஆவது ஒன்றுமில்லை. வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தியோ, துளையின்மேல் வயிற்றுக் கொழுப்புத்திரையின் ஒரு பகுதியை வைத்துத் தைக்கின்றனர். கனடா நாட்டு ராஸ்கோ கிரகாம் 1937 ஆம் ஆண்டில் எழுதிய முறை இது. இன்றும் உயிர்காத்து வருகின்றது. இதில் காலமே உயிர். ஒரு நாள் தாழ்த்தவர்க்கு இறப்பு பன்மடங்கு மிகும். குருதிப்பெருக்கை இக்காலத்தில் பெரும்பாலும் உள்நோக்குக் குழாய் வழியாகவே நிறுத்துகின்றனர். அதற்கு அடங்காதபோது அறுவை வேண்டும். வாயில் அடைப்பைக் காற்றுப்பை கொண்டு விரித்துப் பார்ப்பர். விரியாதவர்க்கு மாற்றுவாயே கதி. இரைப்பையில் ஆறாத புண், புற்றுநோயாகவும் இருத்தல் கூடும். அதனைத் துணுக்கெடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது.

எங்கள் ஊர்க்கு உரியது ஒன்றையும் கூறுவேன். தறியில் நாள்முழுதும் குனிந்து அமர்வோர்க்கு முதுகுவலி நீங்காத தோழன். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் வலிமாத்திரைகளை வெறும்வயிற்றில் விழுங்கி மீண்டும் தறியில் அமர்வோரை யான் நாடோறும் காண்கின்றேன். அம்மாத்திரைகள் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைப்பன; கிருமிக்கு அடுத்துப் புண்ணை உண்டாக்கும் பெருங்காரணம் அவையே. வலியே தோன்றாமல் திடீரெனக் குருதி பெருகவும் புண் துளைக்கவும் அவை செய்யும். மருத்துவர் சொல்லாமல் அவற்றை நாள்தோறும் உட்கொள்ளல் ஆகாது. அவ்வாறே, பதினான்கு நாள் மருந்தை ஐந்தாம் நாள் வலி தணிந்ததென நிறுத்துதலும் ஆகாது. அரைகுறையாய் விட்ட கிருமி மருந்திற்கு அடங்காததாய் மீளும்.

விடை

கல்லூரி விடுமுறையில் ஊர் சென்றபோது பாட்டனாரின் அருகமர்ந்து என் விடையைக் கூறினேன். அவர் நோய்க்கு முதற்காரணம் 1974 ஆம் ஆண்டில் உலகில் எவரும் அறியார். அமிலத்தடுப்பு மாத்திரையும் கடைக்கு வரவில்லை. அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது வாயில் தழும்பேறி அடைபட்டிருந்தது. உண்டது இறங்காமல் மெலிந்திருந்தார். அந்நிலையில் இன்றைய மருத்துவருங்கூடக் கத்தியை எடுக்க நேர்ந்திருக்கலாம். அறுவை இல்லையேல் அவர் பட்டினியால் மாண்டிருப்பார், எந்தையும் இலர், வினவப்பட்ட யானும் இலன். கத்தி நோயின் வேரை அறுக்கவில்லை என்பது உண்மை. ஆயின் வேர் காணப்படும் நாள் வரையில் மரத்தைத் தாங்கி நிறுத்திற்று.

அவர் சற்றே நகைத்து, தழும்பைத் தடவிக்கொண்டு, "அந்த டாக்டரு ராவெல்லாம் பக்கத்துல வந்து வந்து பாத்தாரு" என்றார். உடலைக் கீறிச் சுட்ட மருத்துவனிடத்தும் நோயாளி அன்பு நீங்கான் என்னும் உவமையைக் குலசேகராழ்வார் ஆண்டமை அப்போது என் நினைவிற்கு வந்தது.

அறிவு வளருந்தோறும் நேற்றைய மருத்துவம் இன்று கொடிதெனத் தோன்றும். இன்றையது நாளை அவ்வாறே தோன்றும். அதுபற்றி முன்னையோரை இகழ்தல் வேண்டா. தாம் அறிந்த அளவில் துன்புறுவோர்க்குக் கைகொடுத்தோர் அவர். தாம் செய்ததன் பயனைப் பத்தாண்டு கழித்தும் எண்ணிப் பார்த்துக் குறைகளை மறையாது எழுதிவைத்தோரும் அவரே. அவ்வெழுத்தின்மேல் நின்றே பின்வந்தோர் மேலும் கண்டனர். நம் கல்லூரி மாணவருள் மருத்துவத் துறை புகுவோர் இவ்விரு பண்பையும் கைக்கொள்வாராக. ஏனையோராகிய நாம், வீட்டிலுள்ள முதியோரின் தழும்பைக் கண்டால் அதன் வரலாற்றை ஒருமுறை கேட்டறிவோமாக.